ஹாலுக்குப் பால் காய்ச்சிய பூந்தளிர்க்காரர்கள்

கடவுள் புத்தியைப் பங்கு போட்ட அன்று, பூந்தளிர் அடுக்குமாடிக்காரர்கள் மொத்தப் பேரும் பார்க்கிங் தகராறில் இருந்திருக்க வேண்டும். மற்றபடி தங்கமான மனிதர்கள். கோயம்புத்தூருக்கு வெளியே, பைபாஸ் ஓரமாகக் குடியிருக்கிறார்கள்.

அங்கே முக்கால்வாசி வீடுகளில் புருஷன், பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி வேன் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனால், பெற்றவர்கள் வரும்வரை அதுகளுக்குக் கார்களின் நடுவேதான் ஆட்டம். ஒருநாள் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்க, ஒரு பெண்குழந்தையின் செருப்பு டயருக்கடியில் போய்விட்டது. குழந்தை தப்பியது தெய்வச் செயல்.

சங்கத் தலைவர் நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. குடியிருப்புகளில் இப்படிப்பட்ட காரியங்களை ஒழுங்கு செய்து கொடுக்கும் எஸ்தர் என்ற சமூகப் பணியாளரை வரவழைத்தார்.

எஸ்தர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல்மாடி ஹால் சும்மாதானே கிடக்கு. சாயங்காலம் பிள்ளைங்களை அங்க உட்கார வெச்சு வீட்டுப்பாடம் செய்ய வைங்க. பெரியவங்க முறை போட்டு ஒரு கண் வெச்சுக்கிட்டாப் போதும். முதல்ல பெத்தவங்களை எல்லாம் கூட்டுங்க. அடுத்த மாசம் வந்து பார்க்கிறேன்."

அவர் போனதும் தலைவர், செயலாளர் திலகராணி, பொருளாளர் அருளானந்தம் மூவரும் ஆலோசனைக்கு உட்கார்ந்தார்கள். பெற்றோர்களும் என்ன முடிவாகிறதென்று சுற்றி வந்து நின்றுகொண்டார்கள்.

"கூட்டறதுல ரெண்டு வகை இருக்குதுங்க," என்றார் அருளானந்தம். "விளக்குமாத்துல கூட்டறது ஒண்ணு. கணக்குல கூட்டறது ஒண்ணு. அந்தம்மா எதைச் சொன்னாங்கன்னு தெரியலீங்களே."

"ரெண்டையும் செஞ்சிருவோம்," என்றார் தலைவர். "நம்ம பிள்ளைங்க காரியம். கஞ்சத்தனம் பண்ணக்கூடாது."

பெற்றோர்களை வரிசையாக நிறுத்தித் தலையிலிருந்து கால்வரை பதமாகக் கூட்டினார்கள். இப்போதுதான் குளித்துவிட்டு வந்தேன் என்று ஒருவர் முனகினார், அவரையும் விடவில்லை. பிறகு எல்லோருடைய வயதையும் கூட்டினார்கள். ஆயிரத்தைத் தாண்டியது. இவ்வளவு வயதானவர்கள் கையில் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கலாம் என்று தலைவருக்குத் தைரியம் வந்தது.

மறுநாள் பிள்ளைகள் ஹாலுக்கு வந்தார்கள். முதல் முறை அருளானந்தத்துக்கு. ஒரு கண்தான் வைக்கச் சொல்லியிருந்ததால், இன்னொன்றைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கட்டின பக்கமாகத் தண்ணீர் கேன் இருந்தது. எழுந்தபோது அதில் தடுக்கி விழுந்து, நனைந்த வேட்டியோடு கடமையைத் தொடர்ந்தார்.

பிள்ளைகள் நோட்டைத் திறந்தார்கள். திலகராணி திடீரென்று கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. இது வீட்டுப்பாடம். வீட்டுல செய்யறது. இங்க செஞ்சா ஹால்பாடம்னுதானே ஆகும்? டீச்சர் எப்படி ஒத்துக்குவாங்க?"

பெரியவர்கள் வாயில் இவ்வளவு நியாயமான பேச்சைப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. உடனே நோட்டை மூடிவிட்டார்கள்.

தலைவர் நெடுநேரம் மோவாயைத் தடவினார். "அப்ப ஹாலை வீடாக்கிட்டாப் போச்சு. பால் காய்ச்சினா வீடுதானே?"

நல்ல நாள் பார்த்து, கன்றோடு வேண்டாம், பசு மட்டும் போதும் என்று ஒரு பசுவைப் பேசிக் கொண்டுவந்தார்கள். லிஃப்டில் 'ஆறு பேர் மட்டும்' என்று எழுதியிருந்தது.

"மாடு எத்தனை பேருக்குச் சமம்?" என்று கேட்டார் திலகராணி.

"இதுக்குப் பேரே வைக்கலீங்க," என்றார் மாட்டுக்காரர்.

"பேர் இல்லாட்டிக் கணக்குல வராது," என்றார் அருளானந்தம். ஆறு பேரும் பசுவும் ஏறினார்கள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து திறந்தபோது ஆறு பேரும் ஏறியபடியேதான் இருந்தார்கள். பசுவுக்குத்தான் மனிதர்கள் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

எப்படியோ பால் பொங்கியது. பொங்கிய பிறகுதான் தலைவருக்கு உறைத்தது.

"பால் காய்ச்சின வீட்டை ஆளில்லாமப் போடக்கூடாதே. யாராச்சும் குடி வரணும்."

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் வீடுன்னா, எல்லாருந்தான் வரணும்," என்றார் திலகராணி.

அந்த வாரமே எல்லாக் குடும்பமும் கட்டில், பீரோ, அடுப்போடு ஹாலில் குடியேறியது. எந்த விசில் யார் குக்கருடையது என்று தெரியாமல், எல்லோரும் அரைவேக்காட்டுப் பருப்பைத் தின்றார்கள். கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் எங்கே உட்காரும்? மறுபடி ஆலோசனை.

"கீழே அத்தனை ஃபிளாட்டும் காலியாத்தானே கிடக்குது," என்று அருளானந்தம் நினைவுபடுத்தினார்.

அடுத்த மாதம் எஸ்தர் வந்தார். பார்க்கிங்கில் ஒரு பிள்ளைகூட இல்லை. சந்தோஷமாக மேலே ஏறிப்போய் ஹால் கதவைத் திறந்தார். கொடியில் காயப்போட்டிருந்த ஈரப் போர்வை முகத்தில் அறைந்தது.

"பிள்ளைங்க எங்க?"

"ஆளுக்கொரு ஃபிளாட் குடுத்துட்டோமுங்க," என்றார் தலைவர் பெருமையாக.

"அங்க வீட்டுப்பாடம் செய்யறாங்களா?"

"அங்க எப்படிங்க செய்வாங்க? அது வீடு இல்லீங்களே."

எஸ்தர் பக்கத்தில் இருந்த யாருடைய கட்டிலிலோ உட்கார்ந்துவிட்டார். தலைவர் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மத்ததெல்லாம் நல்லாப் போகுதுங்க மேடம். ஒரே ஒரு குறை. தனித்தனியா உட்கார்ந்து பிள்ளைங்க வாடிப் போகுதுங்க. எல்லாரும் ஒண்ணா உட்கார்ற மாதிரி, பெருசா ஒரு ஹால் எங்கயாச்சும் இருந்தா நீங்கதான் பார்த்துச் சொல்லணும். எங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சு. அதுல இப்ப ஆள் குடியிருக்குதுங்க."