உடும்பு கை விட்ட பாறை

அந்தக் காலத்தில் உடும்பு வாய் ஓயாமல் பேசும். மற்ற விலங்குகளும் பேசத்தான் செய்தன, ஆனால் உடும்புக்குப் பேச்சு கொஞ்சம் அதிகம். பிடி மட்டும் அதற்கு எல்லோருடையதையும் போலத்தான் இருந்தது. பிடிக்கும், வேண்டுமென்றால் விட்டுவிடும். வினை வந்தது அதில்தான்.

எங்கள் மலையின் தெற்கு முகத்தில் அப்போது பெருங்கல் என்று ஒரு பாறை இருந்தது. இன்றும் இருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது. செங்குத்தான கல். உச்சி மொட்டை, தேன் எடுப்பவர் தொங்கி இறங்கும் காட்டுக்கொடியைக் கட்ட ஒரு மரம் கிடையாது. பாதி உயரத்தில் கல் உள்வாங்கிய இடத்தில் மலைத்தேனீக்கள் அடை வைக்கும். மலை ஆட்களுக்கு அந்தக் கல்லின் மேல் இருந்த பிரியத்தை என்னவென்று சொல்வது! பிள்ளை நடக்கத் தொடங்கியதும் தூக்கிக்கொண்டு போய் அதன் மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்வார்கள். பெண் கேட்டு வந்தவனிடம், "பெருங்கல் ஏறியிருக்கியா?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

பிரியம் இருக்கும் இடத்தில் கட்டுப்பாடும் இருக்கும். கல்லில் ஆள் தொங்கும்போது கெட்ட சொல் சொல்லக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. "பயமா இருக்கு", "கை வழுக்குது", "முடியல" எல்லாம் கெட்ட சொற்கள். தொங்குகிறவன் மட்டுமல்ல, மேலே கொடி பிடிப்பவரும் கீழே நிற்பவரும்கூட அவற்றைச் சொல்லக் கூடாது. கல்லுக்குக் காது உண்டு, கேட்டால் ஆளை உதறிவிடும் என்பார்கள். அதனால் யார் என்ன கேட்டாலும் ஏறினவன் "நல்லா இருக்கேன்" என்றே சொல்ல வேண்டும். கல்லின் காதை யாராவது பார்த்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். அன்று யாரும் கேட்கவில்லை.

சடையன் அந்தக் கல்லில் தேன் எடுப்பவன். முதல்முறை ஏறியபோது, "அப்பா, கால் நடுங்குது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். இறங்கியதும் அப்பன் கன்னத்தில் அறைந்தான், அடுத்த தேன் காலம் வரை கல்லைத் தொட விடவில்லை. அதற்குப் பிறகு அவன் வாயில் அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் "நல்லா இருக்கேன்" என்பான். "உன் வாயில வேற வார்த்தையே இல்லையா?" என்று அவன் பெண்டாட்டி மசணி சிரிப்பாள்.

உடும்பு சடையனுக்குக் கூட்டாளி. அது பெண் உடும்பு. அவனை அண்ணன் என்றும் மசணியை அண்ணி என்றும் கூப்பிடும். மரமில்லாத உச்சியில் அதுதான் அவனுக்கு மரம். பின்னங்கால்களை வெடிப்பில் ஊன்றி, முன்னங்கால்களால் கொடியைப் பிடித்துக்கொள்ளும். சடையன் இறங்கி அடையை அறுப்பான். மசணி கீழே நின்று பானையில் தேனை வாங்குவாள். அடையில் புழு இருக்கும் பகுதி உடும்புக்கு. வேலை முடியும் வரை மேலிருந்து உடும்பு ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் உடும்பு உச்சிக்குப் பின்னால் இருந்த கறையான் புற்றில் முட்டை வைத்திருந்தது. அதற்கு முன் வைத்தவையெல்லாம் மழையில் ஊறி வீணாய்ப் போயிருந்தன. இந்தமுறை வெயில் நன்றாக அடித்தது. "குஞ்சு வெளிய வந்ததும் மொதல்ல எங்க குடிசைக்குத்தான் கூட்டிட்டு வரணும்" என்று மசணி சொல்லி வைத்திருந்தாள். உடும்புக்கு அதைக் கேட்டு வாலெல்லாம் சந்தோஷம்.

தேன் எடுக்கும் நாள் வந்தது. முந்தின நாள் தூறியதில் கல் ஈரமாக இருந்தது. அதை மூன்று பேரும் கவனித்தார்கள், மூன்று பேரும் சொல்லவில்லை. சடையன் தேனீயை விரட்டும் புகைக்கட்டோடு கொடியில் இறங்கி அடை இருக்கும் இடத்தை நெருங்கினான்.

அப்போது ஒரு கரிச்சான் குருவி உச்சிக்குப் பறந்து வந்து உடும்பின் காதோரம் உட்கார்ந்தது.

"உன் புற்றைக் கீரி தோண்டுது" என்று மெல்லச் சொன்னது.

உடும்புக்கு உயிரே போய்விட்டது. சடையனை மேலே ஏறி வரச் சொல்லலாம். அவன் ஏறி வருவதற்குள் கீரி தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடும். என்ன நடக்கிறது என்று அவனிடம் சொல்லலாம். ஆனால் ஆள் தொங்கும்போது கெட்ட சேதி சொல்லக் கூடாதே! ஊருக்கெல்லாம் கதை சொல்கிற உடும்புக்கு, சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறு ஒன்றைக் கேட்டது.

"அண்ணே, கால் ஊனிட்டியா?"

சடையனின் இடது கால் விரல்கள் மட்டும் ஈரக் கல்லின் விளிம்பைத் தொட்டிருந்தன. வலது கால் காற்றில் இருந்தது. முகத்தைச் சுற்றித் தேனீக்கள்.

"நல்லா ஊனிட்டேன்" என்றான்.

"கொடி இல்லாம கொஞ்ச நேரம் நிப்பியா?"

"நிப்பேன் தங்கச்சி. நல்லா இருக்கேன்."

சும்மா கேட்கிறாள் என்று நினைத்தானோ, அப்பன் அறைந்த கன்னம் நினைவுக்கு வந்ததோ, யாருக்குத் தெரியும். வாய் சொல்லிவிட்டது. காலைக் கேட்டுச் சொல்லவில்லை.

கீழே நின்ற மசணிக்கு அவன் கால் தொங்குவது நன்றாகத் தெரிந்தது. அவன் சொன்னதும் கேட்டது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கட்டுப்பாடு நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள்.

உடும்பு கொடியை விட்டது.

புற்றுக்கு ஓடியபோது கீரி போயிருந்தது. ஓடுகள்தான் கிடந்தன. கை விட்டுத் துழாவியதில் ஆழத்தில் ஒரே ஒரு முட்டை உடையாமல் இருந்தது. அதை மண்ணால் மூடிவிட்டு ஓடி வந்தது. சறுக்கிப் போய் வெடிப்பில் சிக்கி அறுந்து கிடந்த கொடியைப் பிடித்தது. கொடி கனக்கவில்லை.

"அண்ணே" என்று கூப்பிட்டது.

"நல்லா இருக்கேன்" என்று யாரும் சொல்லவில்லை.

உடும்பு இறங்கி வந்தபோது மசணி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பானை கவிழ்ந்து கிடந்தது. அழுகை அவளுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

"ஏன் புள்ள விட்டே?" என்று கேட்டாள்.

"நிக்கிறேன்னு சொன்னாரு அண்ணி. ரெண்டு தடவை கேட்டேன். முட்டையைக் கீரி தோண்டுச்சு, அதான்…"

"அதை ஏன் அவருகிட்ட சொல்லல?"

"கல்லுல ஆள் இருக்கும்போது எப்படி அண்ணி சொல்றது?"

மசணி தலையை ஆட்டினாள். அவளுக்கா தெரியாது!

"கால் தொங்கினதை நான் பாத்தேன்" என்றாள். "நானும் சொல்லல."

பிறகு அவன் தலையைப் பூப்போல மண்ணில் இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். கல்லின் அருகே போனாள். சிறு வயதில் கை வைத்த அதே இடத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள்.

"பயமா இருக்கு!" என்று கத்தினாள். "கேக்குதா? எனக்குப் பயமா இருக்கு! அவரு கால் வழுக்குது! வழுக்குது!"

மலை முழுக்க எதிரொலித்தது. கல் அசையவில்லை. ஒரு சருகு உதிரவில்லை. ஒரு தேனீகூடக் கலையவில்லை. கல்லுக்குக் காதே இல்லை. அது தெரிந்த பிறகுதான் மசணி அழுதாள். அப்படி ஒரு அழுகையை அந்த மலை அதற்கு முன் கேட்டதில்லை என்பார்கள். கேட்காத கல்லுக்குப் பயந்து, கேட்க வேண்டிய மனுஷரிடம் சொல்லாமல் விட்டார்களே! எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் ஆத்திரமாக வருகிறது.

உடும்பு ஒன்றும் பேசவில்லை. திரும்பிக் கல்லில் ஏறியது. சடையன் விரல் வைத்த விளிம்புக்குப் பக்கத்தில் இருந்த வெடிப்பில் நான்கு கால்களின் நகங்களையும் போட்டு இறுக்கிக்கொண்டது. ஊர் ஆட்கள் கூப்பிட்டார்கள், வரவில்லை. வாலைப் பிடித்து இழுத்தார்கள், தோல் உரிந்தது, பிடி தளரவில்லை. மழை பெய்தது, வெயில் காய்ந்தது. கடைசியில் உயிர் பிரிந்த பிறகும் நகம் கல்லிலிருந்து வரவில்லை. அந்த ஒரு முட்டையை மசணிதான் புற்றருகே உட்கார்ந்து காவல் காத்தாள். குஞ்சு வெளியே வந்தது. அதற்குப் பேச்சு இல்லை. அவள் விரலைப் பிடித்தது, விடவே இல்லை. இன்று இருக்கும் உடும்புகள் எல்லாம் அதன் வழி வந்தவை. "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்று நாம் இப்போது கேலியாகச் சொல்கிறோம். எங்கள் மலையில் அதைச் சொல்லி யாரும் சிரிப்பதில்லை.

பெருங்கல்லுக்குச் சடையன் பாறை என்று பெயர் வந்தது. தேன் எடுப்பது குறைந்துவிட்டது. இப்போது கீழூரிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் பிள்ளைகள் கயிறும் வழுக்காத செருப்பும் கையில் வெள்ளைப் பொடியுமாக ஏற வருகிறார்கள். அவர்களுக்கும் எங்கள் ஆட்கள் முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அன்று முதல்தான் உடும்பு பிடித்ததை விடுவதில்லை. அன்று முதல்தான் சடையன் பாறையில் எப்பேர்ப்பட்ட சூரனும், கல்லில் கை வைக்கும் முன் கயிறு பிடிப்பவரின் முகத்தைப் பார்த்து, "எனக்குப் பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்கிறான். "பிடிச்சிருக்கேன்" என்று பதில் வந்த பிறகே ஏறுகிறான்.