ரவுட்டர் வந்ததும்

"எட்டு மாசமா தேடறேன் டீச்சர். இன்னும் கிடைக்கல," என்றார் தணிகாசலம்.

ரெஜினா ஒரு நாற்காலிக் காலை இழைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வயது. திருச்சி அரியமங்கலத்தில் சொந்தமாக மரப்பட்டறை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு மரவேலை சொல்லிக்கொடுப்பாள். அப்படி வருகிறவர்களில் மூத்தவர் தணிகாசலம். அறுபத்தொரு வயது. தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"எதைத் தேடறீங்க சார்?"

"ரவுட்டர்."

மரத்தில் பள்ளம் பறிக்கிற, விளிம்பை உருட்டிக் கொடுக்கிற மெஷின் அது. வீட்டில் மரவேலை செய்ய நினைக்கிற எல்லாரும் ஒருநாள் அதன் முன்னால் வந்து நிற்பார்கள். தணிகாசலமும் வந்து நின்றார். அப்புறம் நகரவில்லை.

நீள நோட்டு ஒன்றைத் திறந்தார். பதினேழு ரவுட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்.

"இது நல்ல பலம். ஆனா கனம். இது கனமில்ல, பலமும் இல்ல. இது ரெண்டும் சரி. ஆனா சத்தம் ஜாஸ்தின்னு நாசிக்ல ஒருத்தர் நெட்ல எழுதியிருக்கார். இதைப் பத்தி எல்லாரும் நல்லவிதமா எழுதியிருக்காங்க. அதான் சந்தேகமா இருக்கு."

ரெஜினா இழைப்பதை நிறுத்தவில்லை.

"நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க டீச்சர். கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடறேன்."

"கண்ணைத் திறந்துக்கிட்டு ஒரு கட்டை எடுத்துட்டு வாங்க."

"என்ன கட்டை?"

"ரவுட்டர் வாங்கி எதை வெட்டப்போறீங்களோ, அதை."

தணிகாசலம் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அது அதில் இல்லை.

உறையூரில் வீடு. போனதும் வெட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். கட்டில் மாமனார் கொடுத்தது. பூஜை மாடத்தில் கை வைக்க முடியாது. பீரோ இரும்பு.

அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

அவர் மனைவி சுலோசனா இழுப்பறையைத் திறந்துகொண்டிருந்தாள். ஜல்லிக்கரண்டிக் காம்பின் வளைவை இழுப்பறைக் குமிழில் மாட்டி, இடுப்பை மேடையில் முட்டுக்கொடுத்து, கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதுபோல் இழுத்தாள். இழுப்பறை வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு ஸ்பூன் எடுத்தாள்.

"ஏன் இப்படித் திறக்கற?"

"விரல் மடங்க மாட்டேங்குது. குமிழைப் பிடிக்க முடியல."

"எப்போலேருந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியிலேருந்து."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. போனைப் பார்த்துக்கிட்டே, ரவுட்டர் வந்ததும் செஞ்சு தரேன்னீங்க."

தணிகாசலத்துக்கு நினைவில்லை.

"மாடியில இன்டர்நெட்டுக்குப் பச்சை விளக்கு எரியுதே, அதைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன்," என்றாள் சுலோசனா. "அதை மாத்தினா டிராயர் எப்படித் திறக்கும்னு புரியல. டெலிபோன்ல இருந்தவராச்சே, ஏதாவது இருக்கும்னு விட்டுட்டேன்."

தணிகாசலம் இழுப்பறையை அப்படியே உருவிக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். உள்ளே இருந்த கரண்டிகளைக் கொட்டிவிட்டுப் போகத் தோன்றவில்லை. அரியமங்கலம் வரைக்கும் பஸ்ஸில் அவர் மடியில் கரண்டிகள் கலகலத்துக்கொண்டே வந்தன. பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

ரெஜினா கரண்டிகளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இதுல என்ன வேணும்?"

"முன்பலகையில மேல் விளிம்புல ஒரு பள்ளம். குமிழே வேண்டாம். மேலேருந்து விரலை விட்டு இழுத்தா வந்துடணும்."

"யார் விரலை?"

"என் வீட்டுக்காரம்மா விரலை."

"எவ்வளவு அகலம்? எவ்வளவு ஆழம்?"

தணிகாசலம் தன் விரல்களைப் பார்த்தார். அது உதவவில்லை. பதினேழு மெஷின்களில் எதன் அளவைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட மில்லிமீட்டரில் சொல்வார். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷம்.

"அளவில்லாம எப்படி சார்?" என்று கேட்டுவிட்டு ரெஜினா வார்னிஷ் டப்பாவைத் திறக்கப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு சுலோசனாவும் வந்தாள். பட்டறையில் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். கடைசிவரை கழற்றவில்லை.

இழுப்பறை முன்பலகையின் மேல் விளிம்பில் அவள் விரல்களை வைத்தாள். தணிகாசலம் பென்சிலால் சுற்றி வரைந்தார். ஒவ்வொரு மூட்டும் வீங்கியிருந்தது. ஒவ்வொன்றையும் பென்சில் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. சுட்டுவிரல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அங்கே அவர் கை நின்றது.

"வலிக்குதா?"

"கூசுது. சீக்கிரம் வரைங்க."

ரெஜினா இரண்டு ரவுட்டர்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது.

தணிகாசலம் என்ன மாடல் என்று பார்க்கக் குனிந்தார். பாதி குனிந்தவர் பலகைப் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு சின்னதை எடுத்துக்கொண்டார்.

"ஏன் சார் அது?"

"பலகை குறுகல். பெரிசு இதுமேல உட்காராது. சாஞ்சுடும்."

"நோட்டுல அது இருக்கா?"

"இல்ல."

பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். மெஷின் வீறிட்டது. நாசிக்காரர் சொன்னதைவிட அதிகச் சத்தம். தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார். மூன்றாவது தடவை, சுட்டுவிரல் வரைந்திருந்த இடத்தில், மெஷின் ஒருபக்கமாக விலகிவிட்டது.

மெஷின் அடங்கியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தூசியை ஊதி, கிளாம்பைக் கழற்றினார்.

சுலோசனா பள்ளத்தில் விரல்களை வைத்து இழுத்தாள். இழுப்பறை மேசைமேல் வழுக்கிக்கொண்டு அவளிடம் வந்தது. தள்ளிவிட்டு, திரும்பவும் இழுத்தாள்.

தணிகாசலம் அதைப் பார்க்கவில்லை. குனிந்து வெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க கோணிக்கிட்டுப் போயிடுச்சு டீச்சர்," என்றார். "வேற மாடலா இருந்தா நேரா வந்திருக்குமோ?"

ரெஜினா அந்த அம்மாளைப் பார்த்தாள்.

சுலோசனா விரல்களைப் பள்ளத்திலிருந்து எடுக்கவில்லை.

"நேரா வெட்டியிருந்தா," என்றாள், "இந்த விரலை எங்கே வைக்கறதாம்?"