டிக்கி மூடியைப் பிடித்தவர்

காண்ட்ராக்டர் தணிகாசலம் தன் காரின் டிக்கி மூடியில் அழகுக்காக, இறக்கை போன்ற பெரிய ஸ்பாய்லர் ஒன்றை மாட்டினார். அன்றிலிருந்து மூடி, தூக்கினால் நிற்பதில்லை; டிரைவர்தான் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"கனம் கூடிப்போச்சு, ஸ்பிரிங்கை இறுக்கணும் ஐயா" என்று டிரைவர் இருதயம் சொல்லிப் பார்த்தார்; எடுபடவில்லை. ஒருநாள் பெட்டியை எடுக்கக் குனிந்த சம்பந்தியின் தலையில் மூடி விழுந்ததும், "பிடிக்கக்கூடத் துப்பில்லை! சாவியை வச்சுட்டுக் கிளம்பு" என்று கத்தினார் தணிகாசலம்.

"என் பை உள்ளே இருக்கு. கொஞ்சம் பிடிச்சுக்குங்க ஐயா."

தணிகாசலம் பிடித்தார். உள்ளே குனிந்த இருதயம் நிமிர்வதாயில்லை.

"சீக்கிரம்யா, கை விட்டுப்போகுது!"

சம்பந்தியே சிரித்துவிட்டார். தணிகாசலத்தின் முகத்தில் அசடு வழிந்தது. "சரி, இருந்துடுய்யா."

இருதயத்துக்கும் போக மனமில்லைதான். ஆனால் உள்ளே குனிந்திருந்தபோதே ஸ்பிரிங்கை அடுத்த பள்ளத்துக்குத் தள்ளி இறுக்கி மாட்டியிருந்தார்.

"கையை எடுங்க ஐயா."

மூடி தானாகவே நின்றது.

"இனிமே இதைப் பிடிக்க ஆள் வேண்டாங்க" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.