கருமலை நட்ட வழி

அந்தக் கரையில் கடல் ஒரே நாளில் இரண்டு தடவை ஓடிப்போகும், இரண்டு தடவை திரும்பி வரும். ஓடிப்போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறும் சேறு. திரும்பி வந்தால் ஓர் இளந்தென்னை உயரத்துக்குத் தண்ணீர். நடுவில் மாட்டிக்கொண்டவன் ஓடிப் பிரயோசனமில்லை. அது ஆளை விட வேகமாக வரும்.

ஊர் அந்தச் சேற்றை நம்பித்தான் சாப்பிட்டது. கரையை ஒட்டி உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரக் காடு, அதைத் தாண்டினால் சேறு, சேற்றின் கடைசியில் மட்டிச் சிப்பிகள் கிடக்கும் மட்டி மேடு. கடல் வற்றியதும் பெண்கள் கூடையோடு அங்கே போவார்கள். கடல் ஏறுவதற்குள் மட்டி பொறுக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

சேறு எல்லா இடத்திலும் ஒன்று போலத்தான் தெரியும். ஓர் இடம் காலைத் தாங்கும், பக்கத்து இடம் இடுப்பு வரை இழுக்கும். அதனால் தாங்குகிற இடமாகப் பார்த்து ஓர் ஆள் கம்பு நட்டு வைப்பான். அந்தக் கம்பு வரிசைதான் வழி. ஆனால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வருகிற பெரிய ஏற்றம் சேற்றையே புரட்டிப் போட்டுவிடும். அது அடங்கினதும் அவன் பழைய கம்புகளைப் பிடுங்கி, புது இடம் பார்த்து நட வேண்டும். நட்டு முடித்து, மேடு வரை தானே நடந்து திரும்பி, "வழி இருக்கு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் ஒருத்தரும் காலை வைக்க மாட்டார்கள்.

கம்பு நடுகிறவன் பெயர் கருமலை. போன அமாவாசைக்குப் பிறகு ஒருநாள், சாய்ந்திருந்த ஒரு கம்பை நிமிர்த்தப் போனவனைக் கடல் பிடித்துக்கொண்டது. உடல் கிடைக்கவில்லை. வேலை அவன் தம்பி காத்தமுத்துவுக்கு வந்தது.

காத்தமுத்து பாறையம்மாவின் சீடன். காட்டோரம் ஒரு பாறை மேல் தனியாக இருந்த சாமியாரம்மா அவள். வேறு சீடன் அவளுக்குக் கிடையாது. சின்னவர் பெரியவர் பார்க்காமல் எல்லோரையும் 'நீ' என்றுதான் பேசுவாள். கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வாள். அவளுக்கு முப்பது வயசு இருந்தால் அதிகம். காத்தமுத்து ஐம்பதைத் தாண்டியவன்.

"ஒன் குருவோட காதுகுத்துக்கு நீ மொய் வச்சிருப்பியே" என்று ஊரில் கிண்டல் பண்ணுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அண்ணன் போனதிலிருந்து சிரிப்பதில்லை.

"அம்மா, அவனை எங்கே போய்த் தேடுறது?" என்று அவளிடம் போய் நின்றான்.

பாறையம்மா கண்டல் காட்டுப் பக்கம் திரும்பினாள். கையால் காட்டினாள். கண்டல் வேர்களுக்கு நடுவே நண்டுகள் எதையோ பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. ஒரு கொக்கு ஒரு நண்டைக் கொத்திக்கொண்டு போய்க் கிளையில் உட்கார்ந்தது. அதன் எச்சம் சேற்றில் விழுந்தது. அதே கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்கின கண்டல் காய் ஒன்று கழன்று, அந்த எச்சத்துக்குப் பக்கத்திலேயே குத்திட்டு நின்றது.

"போதும்மா" என்றான் காத்தமுத்து. "எனக்கு அண்ணன் வேணும். நீங்க நண்டைக் காட்டுறீங்க."

"எங்கேன்னுதானே நீ கேட்ட" என்றாள்.

அன்றிலிருந்து அவன் நண்டு தின்பதை விட்டான்.

பௌர்ணமி வந்தது. கண்டல் மரங்கள் உச்சி மட்டும் தெரிய முங்கி நின்றன. கரையில் பாதி மண்ணைக் கடல் வாரிக்கொண்டு போய் வேறெங்கோ கொட்டியது. ஏற்றம் அடங்கும் வரை ஊரில் யாரும் மட்டிக்குப் போகவில்லை. அடுப்புகள் சும்மா கிடந்தன.

ஒரு வழியாகக் கடல் அடங்கி வற்றியபோது, கருமலை நட்ட கம்புகள் அப்படியே நின்றன. ஒன்றுகூடச் சாயவில்லை.

பெண்கள் கூடையோடு கரைக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் செம்பாயி, கருமலையின் மனைவி.

"என்ன கொழுந்தனாரே, கம்பு புடுங்கலையா?"

"எதுக்குப் புடுங்கணும்? பாருங்க மதினி, எப்படி நிக்குதுன்னு. அத்தனை பெரிய ஏத்தத்துக்கும் அசையலையே. அண்ணன் கை."

"அந்தக் கை இருந்தப்ப, ஒவ்வொரு தடவையும் புடுங்கித்தான் நட்டுச்சு."

"ஒங்களுக்கு மனசே இல்லையா? எரிக்க ஒடம்பு கிடைக்கல, புதைக்கக் கிடைக்கல. அவனுக்குன்னு இருக்கிறது இந்தக் கம்பு ஒண்ணுதான். சமாதியப் புடுங்கச் சொல்றீங்க."

"சமாதின்னா மாலை போட்டுக் கும்புடுங்க. எங்களை ஏன் அது மேல நடக்கச் சொல்றீங்க?" என்றாள் செம்பாயி. அவள் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் விடவில்லை. "வீட்டுல பிள்ளைங்க வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கிடக்குது. வழி இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

காத்தமுத்து முதல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சிலேயே நேரம் போய்க்கொண்டிருந்தது. கடல் இனி அதிக நேரம் வெளியே இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போது காட்டுக்குள்ளிருந்து பாறையம்மா வந்தாள். காத்தமுத்து ஓடிப்போய் அவள் முன்னால் நின்றான்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. செத்தவன் நட்டதைப் புடுங்குறது பாவமா, இல்லையா? நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

பாறையம்மா கம்பு வரிசையைப் பார்த்தாள்.

"வழி இருக்கா?"

"நான் கேட்டது வேற."

"வழி இருக்கா?"

பெண்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

அவன் நடந்து பார்க்கவில்லை. நண்டு வளை இருக்கிற இடம் தாங்கும், வளை இல்லாத இடம் இழுக்கும். அண்ணன் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். கரைக்குப் பக்கத்துக் கம்புகளைச் சுற்றி வளைகள் நிறைய இருந்தன. அதற்குப் பிறகு சேறு வழுவழுவென்று, ஓர் ஓட்டைகூட இல்லாமல், வெயிலில் பளபளத்துக் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இருக்கு" என்றான்.

பாறையம்மா செம்பாயியின் கையிலிருந்து கூடையை வாங்கினாள்.

"நான் மேட்டுக்குப் போய்க் கையைக் காட்டுறேன். அதுக்கப்புறம் நீங்க வாங்க."

"நீங்க எதுக்கும்மா? நீங்க மட்டியே திங்க மாட்டீங்களே" என்றாள் ஒருத்தி.

"வழி இருக்குன்னு சொல்லிட்டானே" என்றாள் பாறையம்மா.

நடந்தாள். முதல் கம்பு. அடுத்தது. அதற்கு அடுத்தது. வளைகள் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டாள். 'நில்லுங்கம்மா' என்று கத்த ஒரு மூச்சுப் போதும். கத்தினால் அண்ணன் கை பொய் என்று ஆகிவிடும். காத்தமுத்து வாயை மூடிக்கொண்டு நின்றான். ஒல்லியான ஆள், தாங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வளை இல்லாத சேற்றில் இன்னும் சில கம்புகளைத் தாண்டியதும் பாறையம்மா தொடை வரை இறங்கினாள். ஒரு காலைப் பிடுங்கப் பார்த்தாள். இடுப்பு வரை போனது.

அவள் கத்தவில்லை. கூடையைக் கவிழ்த்து முன்னால் போட்டு, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். கத்தினது செம்பாயிதான்.

"அடப்பாவி மனுஷா!"

காத்தமுத்து ஓடினான். வளைகள் முடிந்த இடத்தில் அவன் காலும் இழுபட்டது. எட்டிப் பக்கத்துக் கம்பைப் பிடுங்கினான். அதைக் குறுக்கே போட்டு அதன் மேல் ஏறி, அடுத்ததைப் பிடுங்கினான். ஏற்றத்துக்கு அசையாத கம்புகள் அவன் கைக்கு உடனே வந்தன. அடியில் வெறும் கூழ்தான் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டு, அண்ணனுடைய வரிசையில் பாதியைத் தின்று தீர்த்துத்தான் அவளிடம் போய்ச் சேர்ந்தான்.

பெண்கள் கண்டல் கிளைகளை ஒடித்து எறிந்தார்கள். செம்பாயி கயிறு கொண்டு வந்து வீசினாள். காத்தமுத்து அதைப் பாறையம்மாவின் அக்குளுக்குக் கீழே கட்ட, கரையிலிருந்து அத்தனை பேரும் இழுத்தார்கள். பாறையம்மாவின் முகம் நீலம் பாய்ந்தது. சேறு விடவில்லை. கயிறு அறுந்து போனது. காத்தமுத்து கையால் தோண்டினான். தோண்டத் தோண்ட அதே சேறு வழிந்து வந்து குழியை மூடியது.

தூரத்தில் மாட்டு மந்தை ஓடி வருவது போல ஒரு சத்தம் கேட்டது.

"கொழுந்தனாரே, வந்திருங்க!" கரையிலிருந்து செம்பாயி கதறினாள். "ஒரே வீட்டுல ரெண்டு பேர் வேணாம்!"

முதல் தண்ணீர் நுரையோடு வந்து அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறையம்மாவின் மார்பைத் தொட்டது.

"ஏம்மா நடந்தீங்க?" காத்தமுத்து அழுதான். "சேத்தப் பாத்தாலே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"எனக்குச் சேறு தெரியாது. நீ சொன்ன, நடந்தேன்."

"அப்போ ஏன் அவங்களை நிறுத்திட்டு நீங்க மட்டும் வந்தீங்க?"

"ரெண்டாம் தடவை கேட்ட பிறகுதான் நீ சொன்ன."

அவன் மறுபடி அவள் தோளைப் பிடித்து இழுத்தான். தண்ணீர் அவன் தொடைக்கு வந்திருந்தது. காலடியில் போட்ட கம்புகள் ஒவ்வொன்றாக மிதந்து விலகின.

"போ" என்றாள்.

"போக மாட்டேன்."

"நாளைக்கு யாரு நடுவா?"

கரையில் பெண்கள் கூடையோடு நின்றார்கள். அவர்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியாகப் பிடுங்கின கம்பு பக்கத்தில் மிதந்தது. அதை எடுத்துச் சேற்றுக்கு நேராகப் பிடித்தான்.

"இத இங்கயே நட்டுட்டுப் போறேன்ம்மா. தண்ணி வத்தினதும் வந்து ஒங்களை எடுக்கணும். அண்ணனை விட்ட மாதிரி ஒங்களையும் விட முடியாது. எனக்கு ஓர் அடையாளம் வேணும்."

தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்துவிட்டது. பாறையம்மா மோவாயைத் தூக்கிக்கொண்டு பேசினாள்.

"நடாதே. யாராவது வழின்னு நினைச்சு வருவாங்க."