முயலுக்கு அனுமதி இல்லை

முன்பு ஓர் ஐப்பசி மாதத்தில் நிலாவுக்கு வெளியூர் போகும் ஆசை வந்தது. தனக்காக அல்ல, தன் மடியில் வளர்ந்த முயலுக்காக.

நிலாவில் வெண்மண் உண்டு, குளிர் உண்டு, உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டிய மட்டும் இடம் உண்டு. புல் மட்டும் கிடையாது. முயல் பிறந்ததிலிருந்து கீழே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

“அங்க பச்சையா விரிச்சு வெச்சிருக்காங்களே, அது என்ன?” என்று ஒருநாள் கேட்டது.

“அதுதான் புல்லு.”

“அது எதுக்கு?”

புல் எதற்கு என்று ஒரு முயல் கேட்கும்படி வளர்த்துவிட்டோமே என்று நிலாவுக்கு இருந்தது. “உன்னைக் கூட்டிட்டுப் போய் நானே காட்டறேன்,” என்றது.

சொல்லிவிட்டதே தவிர, நிலாவுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கிழக்கே ஏற வேண்டியது, மேற்கே இறங்க வேண்டியது. நடுவில் எங்கே இறங்கலாம், எங்கே தங்கலாம் என்பதெல்லாம் தெரியாது. “மேகத்தைக் கேளுங்க. அது போகாத ஊரே இல்ல,” என்று பக்கத்து நட்சத்திரம் யோசனை சொன்னது.

மேகத்துக்குப் பயண ஏற்பாடுதான் தொழில். கடல்நீரைக் கொல்லிமலைக்கும் மலைக்குளிரைச் சமவெளிக்கும் அழைத்துப்போய்ப் பழகிய கை. ஐப்பசி என்பதால் அதற்கு நிற்க நேரமில்லை. ஆனாலும் முகம் கோணாமல் வரவேற்றது.

“வாங்கக்கா. நீங்க கிளம்பி வந்தாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன். முதல் நாள் வீராணம் ஏரி. காத்து கம்மி, நல்லா விரிஞ்சு படுக்கலாம். அடுத்தது கும்பகோணத்துல மகாமகக் குளம். படிக்கட்டு ஓரமா இடம் சொல்லி வெக்கறேன். கடைசியா வேதாரண்யம் உப்பளம். ஒரு பாத்திக்கு ஒரு நிலாவா, நூறு நிலாவா இருந்து பாருங்க. அப்புறம் மேல ஏறவே மனசு வராது.”

கேட்கக் கேட்க நிலா சொக்கிப்போனது. விஷயம் தெரிந்தவர்கள் பேச்சுக்கு அப்படி ஓர் இழுப்பு உண்டு.

“ஒண்ணே ஒண்ணு,” என்று மேகம் குரலைத் தாழ்த்தியது. “தண்ணியில தங்குற இடம் எதுலயும் பிராணிங்களுக்கு அனுமதி இல்ல. நனைஞ்சு போயிடும் பாருங்க. முயலை என்கிட்ட விட்டுட்டுப் போங்க, என் மடியும் பஞ்சுதான். வரும்போது ஒரு புல்லு கிள்ளிட்டு வாங்க, பாத்துக்கட்டும்.”

நிலா முயலைப் பார்த்தது. பிறகு உப்பளத்தை நினைத்தது. மாப்பிள்ளையை வீட்டில் உட்காரவைத்துவிட்டு ஊர்வலம் கிளம்பின கதைதான். ஆனால் ஊர்வலம் அவ்வளவு ஜோராக இருந்தால் யாருக்குத்தான் மாப்பிள்ளை ஞாபகம் வரும்?

“சீக்கிரம் வந்துடறேன்,” என்றது நிலா.

முயல் காதை மடக்கிக்கொண்டு மேகத்தின் மடியில் போய் உட்கார்ந்தது.

பொழுது சாயும் நேரத்தில் நிலா வீராணத்தில் இறங்கியது. மேகம் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. ஏரி மெத்தைபோல் தாங்கியது. சின்னச் சின்ன அலைகள் வந்து ஆட்டிவிட்டுப் போயின. ஒரு நாமக்கோழி தன் குஞ்சுகளை வரிசையாக நிலாவின் மேலேயே நீந்தவைத்து ஓட்டிக்கொண்டு போனது.

“அங்க பாரு, அங்க பாரு!” என்று நிலா மடியைக் குனிந்து சொன்னது. மடியில் யாருமில்லை.

அதன் பிறகு எல்லாமே அப்படித்தான் ஆனது. கரையோர நாணல் பூத்திருந்தது. தூரத்தில் எங்கோ விளக்கு ஏற்றினார்கள். யாரிடமாவது சொன்னால்தான் பார்த்த மாதிரி இருக்கும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லாமல் நிலாவுக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் ஒரு தோணி வந்தது. மீன் பிடிக்க வந்த தனக்கோடியும் அவர் மனைவி அஞ்சலையும் அதில் இருந்தார்கள்.

“ஏ புள்ள, தண்ணிக்குள்ள என்னா வெளிச்சம் அது? நிலாவா?” என்றார் தனக்கோடி.

அஞ்சலை துடுப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். “நிலாவா? நல்லா பாத்த போ. அதுல முயலு எங்க? கரையில யாரோ புதுசா லைட்டு போட்டுருக்கான்.”

“முயல வுட்டுட்டு வந்துருக்கும்.”

“ஏன்யா, அது என்னா முயல வுட்டுட்டுப் போவுற ஆளா? பேசாம வலையை வீசு.”

வலை நிலாவின் முகத்தில் விழுந்தது. வலிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. யாரோ ஒருத்தி தன்மேல் இத்தனை நம்பிக்கை வைத்திருக்கிறாள், தான் அதற்குத் தகுதியாக நடந்துகொள்ளவில்லையே என்று இருந்தது. குளமும் வேண்டாம், உப்பளமும் வேண்டாம் என்று எழுந்து மேலே ஓடியது.

மேலே மேகம் இருந்த இடத்தில் மேகம் இல்லை. ஒரு கை அளவுக்கு வெள்ளைத் துணுக்கு ஒன்றுதான் மிதந்துகொண்டிருந்தது.

“அக்கா, மன்னிச்சுக்குங்க,” என்று அந்தத் துணுக்கு அழுதது. “வாடைக்காத்து வந்து கூப்பிட்டுச்சு. பெய்யாம எத்தனை நேரம் தாங்குவேன்? முயலைக் கெட்டியாத்தான் புடிச்சிருந்தேன். என் கையே தண்ணியாப் போச்சுக்கா.”

பெய்வதுதான் மேகத்தின் பிழைப்பு என்பது ஊருக்கே தெரியும். தங்கப்போகும் இடத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட நிலா, முயல் தங்கப்போகும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டது.

இப்போது பதறிப்போய் வயல் வயலாகத் தேடியது. வரப்பு, வாய்க்கால், வாழைத்தோப்பு ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ஏரிக்கரைக்குக் கீழே, எருமைகள் மேயும் தரையில், நனைந்த சின்ன உருவம் ஒன்று தெரிந்தது. காது அசைந்தது. நிலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முயலைச் சுற்றிலும் புல், மூக்கைத் தொடும் உயரத்துக்கு, மழை சொட்டச் சொட்ட நின்றது. முயலோ அதில் வாய் வைக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

“அடி பட்டுச்சா?” என்று நிலா கேட்டது.

“இல்ல. மழையோட மழையா வந்துட்டேன்.”

“பசிக்கலையா? வாய்கிட்டயே இருக்கே. தின்னேன்.”

“நீதானே காட்டறேன்னு சொன்னே,” என்றது முயல். “நீ வந்து காட்டு.”

நிலா இறங்க இடம் தேடியது. ஏரி கரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பக்கத்தில் குளமோ குட்டையோ இல்லை. எருமையின் குளம்பு பதிந்த ஒரு பள்ளத்தில் மட்டும் உள்ளங்கை அளவு மழைநீர் தேங்கியிருந்தது. அப்படி ஒரு தங்குமிடம் மேகத்தின் திட்டத்தில் இல்லை. நிலா தன்னால் முடிந்தமட்டும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு அதற்குள் இறங்கியது. அங்கே ஏற்கெனவே குடியிருந்த தவளைக்குஞ்சு ஒன்று, “இருங்க, இடம் இருக்கு,” என்று ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

முயல் பள்ளத்தின் அருகே வந்து, முன்னங்கால் இரண்டையும் நிலாவுக்குள் வைத்து நின்றது. பாதம் மட்டும்தான் நனைந்தது.

“இதோ பாரு,” என்றது நிலா. “இதுதான் புல்லு.”

முயல் அப்போதுதான் முதல் வாய் கடித்தது.