கேட்டால் நிறம் சொல்ல வேண்டும்

"இந்த ரூலை எழுதினவன் நாசமாப் போக," என்றார் சவரிமுத்து.

ஜரினா டீச்சர் ஸ்னூக்கர் மேசையின் பச்சைத் துணியைப் பிரஷ்ஷால் நீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்த ரூல் அண்ணே?"

"ஒண்ணா ரெண்டா சொல்றதுக்கு? வெள்ளைப் பந்து இன்னொரு பந்தோட ஒட்டிக்கிட்டு நின்னா, அதை அசைக்காம விலகிப் போகணும். விலகிப் போனாலும் தொட்டதாக் கணக்கு. ஒருத்தன் பந்தைத் தவற விட்டுட்டா, அவன் நெஞ்சறிய முயற்சி பண்ணினானா இல்லையான்னு நான் தீர்ப்பு சொல்லணும். அவன் நெஞ்சு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"அதையெல்லாம் போன மாசமே படிச்சுட்டீங்களே."

"படிச்சுட்டேன். மண்டையில ஏத்திக்கிட்டேன். இந்த நிறம் சொல்ற ரூல்தான் தொண்டையில நிக்குது."

குன்னூரில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் சவரிமுத்து. சும்மா இருக்கப் பிடிக்காமல் கிளப்பில் ரெஃப்ரி வேலை கற்றுக்கொள்ள வந்தார். ஜரினா டீச்சர் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த மேசைக்கு முன்னால் அவர்தான் குரு.

டீச்சர் பிரஷ்ஷை வைத்தார். "ஆட்டக்காரர் ஒரு பந்தோட நிறத்தைக் கேட்டா, ரெஃப்ரி சொல்லணும். இதுல என்ன கஷ்டம்?"

"கேக்கலைன்னா?"

"சொல்லக் கூடாது."

"தப்பான பந்தை அடிக்கப் போறார்னு என் கண்ணு முன்னாடி தெரியுது. அப்பவுமா?"

"அப்பவும்தான். முகத்துல கூடக் காட்டக் கூடாது."

"ஆயுசு பூரா கண்டக்டரா இருந்தவன் டீச்சர் நான். தூங்குற பாசஞ்சரைத் தட்டி எழுப்பி, 'ஸ்டாப் வந்திருச்சு, இறங்கும்மா'ன்னு சொன்னவன். எங்கிட்ட யாரும் எழுப்பச் சொல்லிக் கேக்கலை."

"கேட்டாங்களே. ஏறும்போதே ஊர் பேரைச் சொல்லித்தானே டிக்கெட் கேட்டாங்க?"

சவரிமுத்து குச்சி முனையில் தடவுகிற சாக்பீஸின் டப்பாவை உருட்டினார்.

"ஒருத்தர் இருக்காருங்க..." என்று இழுத்தார்.

"பேரைச் சொல்லாதீங்க."

சொல்லவில்லை.

அந்த ஒருத்தர் திருவேங்கடம். மார்க்கெட் சந்தில் மேட்சிங் சென்டர் வைத்திருப்பவர். புடவையைக் கொண்டுபோய்க் காட்டினால் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி வெட்டிக் கொடுக்கிற கடை. அந்த மலையில் அவரைவிட நன்றாக ஸ்னூக்கர் ஆடுகிறவர் இல்லை.

போன வருஷ இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கிற நேரம். சிவப்புப் பந்தை அடிக்க வேண்டும். அவர் நிதானமாகக் குறி பார்த்து, பழுப்புப் பந்தை அடித்தார். ஃபவுல். ஆட்டம் கையைவிட்டுப் போனது.

எதிரில் ஆடிய தாமோதரன் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? திருவேங்கடம் ஆட்டத்தை விற்றுவிட்டார் என்று பேசினார்கள். டீக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

சவரிமுத்துவும் அதை நம்பியவர்தான், மனைவி கொடுத்தனுப்பிய அரக்குப் புடவையோடு அந்தக் கடைக்குப் போகும்வரை. துணி எடுத்துக் கொடுக்கிற திருவேங்கடத்தின் மனைவி அன்றைக்குக் கடையில் இல்லை. அவர் தனியாக இருந்தார். திரும்பத் திரும்பத் துணிகளைப் பார்த்தார். வேர்த்தது. கடைசியில் ஒன்றை எடுத்து வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் காப்பிப்பொடி நிறம்.

"கண்ணு எங்க இருந்துச்சு அந்த மனுஷனுக்கு?" என்று மனைவி கத்தினாள்.

சவரிமுத்துவுக்கு அப்போதுதான் அந்தப் பழுப்புப் பந்து ஞாபகம் வந்தது. நிறம் தெரியாதவர் என்று சொல்லிக்கொண்டு யார் மேட்சிங் சென்டர் நடத்த முடியும்? நாளைக்கு எவள் புடவையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியேறுவாள்? அதற்குப் பயந்து மனுஷன் ஆட்டத்தை விற்றவன் என்ற பேரையே சுமந்துகொண்டு திரிகிறார்.

இந்த வருஷமும் இறுதி ஆட்டம் அந்த இருவருக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை. ரெஃப்ரி சவரிமுத்து.

"அவர் கேக்க மாட்டாருங்க," என்றார் சவரிமுத்து டீச்சரிடம். "செத்தாலும் கேக்க மாட்டார். நான் பந்தைத் துடைக்கிற சாக்குல காதோட காதா சொல்லிட்டா என்ன?"

"சொல்லலாம். சொல்லிட்டு ரெஃப்ரி போடுற வெள்ளைக் கையுறையைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிடணும்."

"அப்ப அவர் மறுபடியும் தலை குனியட்டுங்கறீங்களா?"

டீச்சர் கூடத்து விளக்கை அணைத்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் வாங்க அண்ணே. நான் ஒரு ஆட்டம் ஆடப்போறேன். நீங்க நில்லுங்க."

சனிக்கிழமை கிளப் நிறைய ஆட்கள். வெளியே மூடுபனி. குளிருக்கு உள்ளே ஒதுங்கியவர்கள் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் திருவேங்கடம் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் தாமோதரனோடு ஆடினார். இரண்டு அடி ஆனதும் குனிந்தவர் நிமிர்ந்தார்.

"அண்ணே, அந்தப் பந்து என்ன நிறம்?"

சவரிமுத்து திகைத்தார். பந்துகளின் நிறத்தில் மங்கல் இருந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவர் டீச்சர்.

"பிரவுனு டீச்சர்!" என்றார், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற குரலில். "நல்ல ஸ்டிராங் காப்பி!"

கூடம் சிரித்தது. திருவேங்கடம் டம்ளருக்குள் பார்த்தார்.

டீச்சர் அடித்தார். அடுத்த முறை வந்தபோது அதே பந்தைக் காட்டினார்.

"அது என்ன நிறம்?"

"இப்பத்தானே சொன்னேன்? பிரவுன்!"

"டீச்சருக்குக் கண்ணாடி மாத்தணும் போலிருக்கே," என்றார் தாமோதரன். மறுபடியும் சிரிப்பு.

அடுத்த முறையும் கேட்டார். சவரிமுத்து பெஞ்சுகளைப் பார்த்து, 'இதுக்கு நான் என்ன பண்ண' என்பதுபோல் கையை விரித்துக் காட்டிவிட்டுச் சொன்னார்.

டீச்சர் விடவில்லை. மறுபடி கேட்டார்.

இப்போது சவரிமுத்துவுக்குக் கவலை வந்துவிட்டது. உடம்புக்கு ஏதாவதோ? நோயாளியிடம் பேசுவதுபோல் குரலைக் குழைத்து, "பிரவுனுங்க டீச்சர், பிரவுனு," என்றார்.

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். அதே பந்தை மறுபடி காட்டினார்.

சவரிமுத்து பக்கத்தில் போய்க் காதில் கிசுகிசுத்தார்.

"கேக்கலை," என்றார் டீச்சர், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஆட்டம் நீண்டது. பார்த்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்து அலுத்துப்போனது. சவரிமுத்துவுக்கும் கேலி தீர்ந்தது, எரிச்சல் தீர்ந்தது, பரிதாபமும் தீர்ந்தது. கால் வலித்தது.

"அண்ணே, அந்தப் பந்து என்ன நிறம்?"

"பிரவுன்," என்றார்.

மணி என்ன என்று கேட்டால் நாலு என்று சொல்வதுபோல் வந்தது அது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

டீச்சர் குனிந்து அந்தப் பழுப்பை நடுப் பாக்கெட்டில் தள்ளினார். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

"ஊர் முன்னாடி என்னைக் கோமாளியாக்கிட்டாங்க," என்று வீட்டில் முணுமுணுத்தார் சவரிமுத்து. "கேட்டதுக்கு ஒரு பதிலும் சொல்லலை."

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். டீச்சர் சுவரோரம் ஸ்கோர் போர்டுக்குப் பக்கத்தில் நின்றார். புள்ளிகளை மாற்றுவதோடு சரி, சவரிமுத்து பக்கம் திரும்பவே இல்லை.

மூன்று ஃபிரேம், அதாவது மூன்று சுற்று ஆட்டத்தில் ஆளுக்கு ஒன்று ஜெயித்துவிட்டார்கள். கடைசி ஃபிரேம். திருவேங்கடத்தின் முறை. அடிக்க வேண்டியது சிவப்பு. முந்தின அடியில் பந்துகள் மோதிச் சிதறியதில், பழுப்பு தன் இடத்தைவிட்டு நகர்ந்து மூலையில் சிவப்புகளோடு கலந்து நின்றது.

திருவேங்கடம் குனிந்தார். நிமிர்ந்தார். சுற்றி வந்து மறுபக்கம் குனிந்தார்.

அவர் குச்சி பழுப்பை நோக்கி நின்றது.

சவரிமுத்துவுக்கு நாக்கு நுனியில் அரித்தது. ஒரு இருமல் போதும். ஒரு கனைப்பு போதும். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இந்த வருஷம் என்ன ரேட்டுப்பா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

சவரிமுத்து கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது.

திருவேங்கடம் நிமிர்ந்து, "வெள்ளையைத் துடைச்சுக் கொடுங்கண்ணே," என்றார்.

சவரிமுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு, பந்தை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் வைத்தார். காதும் வாயும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திருவேங்கடம் குனியாமல் அவர் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அந்த மூலைப் பந்து..." குச்சி நுனியால் காட்டினார். "அது என்ன நிறம்ணே?"

"பிரவுன்," என்றார் சவரிமுத்து, நேற்று டீச்சருக்குக் கடைசியாகச் சொன்ன அதே குரலில்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாமோதரன்தான் முதலில் சிரித்தார்.

"அட! மேட்சிங் சென்டர் முதலாளிக்கே கலர் தெரியலையா?"

பெஞ்சுகள் குலுங்கின. சவரிமுத்து சிரிக்கவில்லை, கையை உயர்த்தினார்.

திருவேங்கடம் குச்சியைத் தரையில் ஊன்றித் திரும்பினார்.

"தெரியாதுங்க," என்றார். "ரெட்டும் பிரவுனும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலருந்தே. கடையில கலர் பாக்குறது என் வீட்டுக்காரி. நான் அளந்து வெட்டறதோட சரி."

சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப போன வருஷம்..." என்று பின் பெஞ்சில் அதே குரல் ஆரம்பித்தது. முடிக்கவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தாமோதரனின் முகம் சுண்டிவிட்டது. "போன வருஷமே கேட்டிருக்கலாமேய்யா," என்றார், மெதுவாக.

திருவேங்கடம் மேசைப் பக்கம் திரும்பிவிட்டார்.

"அண்ணே, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது?"

"ரெட்."

"அதுக்குப் பின்னால?"

"அதுவும் ரெட்தான்."

திருவேங்கடம் குனிந்தார்.