ஒன்பதாவது நடை

“தாயி, முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்குக் கத்துக் குடுக்கணும்.”

வந்ததும் வராததுமாகச் சோணைமுத்து கேட்டது இதைத்தான்.

இருளாயி தலை நிமிரவில்லை. கோணி ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

“உட்காருங்கண்ணே,” என்றாள்.

அவளுக்கு நாற்பது வயது. அவருக்கு ஐம்பத்து நான்கு. குன்றின் மேல் இருந்த அந்தக் கல் மண்டபத்தில் அவள் பல வருஷமாக இருக்கிறாள். காவி கட்டியதில்லை. மண்டிகளிலிருந்து வரும் கிழிந்த கோணிகளைத் தைத்து, அந்தக் கூலியில் சாப்பிட்டாள். கேள்வியோடு வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாராவது காணிக்கை வைத்தால், “உங்க பொருளை மறந்துட்டுப் போறீங்க” என்று கையில் கொடுத்து அனுப்புவாள்.

சோணைமுத்து அவளுடைய சீடர். அவர்தான் அப்படிச் சொல்லிக்கொள்வார். அவள் சொன்னதில்லை.

“எதுக்கு முடியாதுன்னு சொல்லணும்?” என்று கேட்டாள்.

அவர் துண்டை விலக்கி வலது தோளைக் காட்டினார். கழுத்தோரம் தொடங்கிக் கை மூட்டு வரை தழும்பு இறங்கியிருந்தது.

முப்பத்தொரு வருஷம் அரிசி மண்டியில் மூட்டை தூக்கிய தோள் அது. கிடங்கில் கூரை உயரத்துக்கு அடுக்கிய மூட்டைகளை அட்டி என்பார்கள். அடி வரிசை ஈரத்தில் இற்றுப் போயிருக்கிறது என்று மேஸ்திரி இரண்டு தரம் சொன்னார். முதலாளி இரண்டு தரமும் தலையை ஆட்டினார். மூன்றாவது தரம் அட்டியே அவர் மேல் சரிந்து சொல்லிவிட்டது.

எலும்பு மூன்றாக உடைந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். சங்கத்துக்காரர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். தொழிலாளர் ஆணையர், எவ்வளவு ஊனம் என்று பார்த்து எழுதும்படி பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் அனுப்பினார்.

“டாக்டரு ஒரு தண்ணிக் கேனைக் காட்டி, வலது கையால தூக்கி மேசை மேல வைங்கன்னாரு.”

“வச்சீங்களா?”

“வச்சுட்டேன்.”

“வலிச்சுதா?”

“உசுரு போயிட்டு வந்துச்சு.”

“அதைச் சொன்னீங்களா?”

“எப்படித் தாயி சொல்லுவேன்? தூக்குன்னு ஒருத்தரு சொல்றாரு. எதுத்தாப்புல சரக்கு இருக்கு.”

இருளாயி ஊசியை இழுத்தாள்.

“டாக்டரு நிமிந்துகூடப் பாக்கல. பத்து சதவீதம்னு எழுதிட்டாரு.”

மூட்டை தூக்குகிறவர்களுக்குள் எழுதாத சட்டங்கள் உண்டு. சுமை தோளுக்கு வந்த பிறகு ஏன் என்று கேட்கக் கூடாது. நடுவழியில் இறக்கக் கூடாது. முடியவில்லை என்று எவன் சொல்கிறானோ அவனுக்கு மறுநாள் கூட்டத்தில் இடமில்லை. சோணைமுத்து இருபத்து மூன்று வயதில் அந்தச் சொல்லை விழுங்கியவர். அது இன்னும் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

“வக்கீல் மறுபடி பாக்கணும்னு கேட்டதுல, வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்காக. இதோட சரியாம். அன்னிக்கும் பத்துன்னு எழுதிட்டா, வர்ற பணம் தகடு வச்ச கடனுக்கே பத்தாது தாயி. மூட்டை தூக்க இனி ஆகாது. வேற தொழிலும் தெரியாது. இருக்கப்போற வருஷத்துக்கெல்லாம் அவ ஒருத்தி சம்பாதிச்சு ரெண்டு பேரு திங்கணும்.”

அவர் சொன்னது மனைவியை. அவள் செங்கல் சூளையில் வேலை பார்த்தாள்.

தூணோரம் இருமல் சத்தம் கேட்டது. கனகசபை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் தவறாமல் வந்து அந்தத் தூணில் சாய்ந்து ருத்திராட்ச மணி உருட்டுவார்.

“சோணைமுத்து, நான் சொல்றேனேன்னு வருத்தப்படாதீங்க. எல்லாம் முன்வினை. இந்த உடம்பே பொய். பொய்யான உடம்புக்குப் பணம் கேட்டு கோர்ட்டு, ஆஸ்பத்திரின்னு அலையலாமா?”

சோணைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

“ஐயா,” என்றாள் இருளாயி. “உங்களுக்குப் பென்ஷன் எந்தத் தேதி வருது?”

“ஒண்ணாந்தேதி. ஏம்மா?”

“உடம்புதான் பொய்யாச்சே. வர்ற மாசத்துலேருந்து வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்களேன்.”

மணி நின்றது.

“அது முப்பத்திரண்டு வருஷம் உழைச்சதும்மா!”

“இவரு முப்பத்தொண்ணு. ஒரு வருஷம் கொறைச்சல். அதுக்காகவா இவரு உடம்பு மட்டும் பொய்யாப் போச்சு?”

கனகசபை மணியை மறுபடி உருட்டத் தொடங்கினார். கொஞ்சம் வேகமாக.

“ஐயா சொல்றதை விடுங்க தாயி. எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் கையேந்துனதில்ல.”

இருளாயி தைத்துக்கொண்டிருந்த கோணியை உயர்த்திக் காட்டினாள்.

“இது யாரு மண்டிக் கோணி?”

அவர் முத்திரையைப் பார்த்தார். “எங்க முதலாளியோடது.”

“மாசம் நூறு கோணி அனுப்புறாரு. கிழிஞ்சதைத் தைக்கக் கூலி குடுக்குறாரு. ஒரு நாளும் மொணங்குனதில்ல.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “கோணி அவருகிட்டக் கையேந்துச்சாண்ணே?”

சோணைமுத்து அந்தக் கோணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். “கேக்கலாம்னு புரியுது. எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல.”

“வக்கீல் என்ன சொல்றாரு?”

“கழுத்துல தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டுட்டுப் போகணுமாம். கேனைத் தொட்டதும் ஐயோன்னு கத்திக் கீழ போட்டுடணுமாம்.”

“எங்க, கத்துங்க பாப்போம்.”

சோணைமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஐயோ.”

கனகசபையால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பி குடிக்கக் கூப்பிடுற மாதிரி இருக்கு,” என்றாள் இருளாயி.

சோணைமுத்துவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் அவர் முகம் இருண்டது.

“பொய்யும் வர மாட்டேங்குது தாயி. நெசமும் வர மாட்டேங்குது. நான் என்னதான் செய்ய?”

அவள் அடுத்த கோணியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மண்டபத்தின் மூலையில் ஒரு கம்பு மூட்டை சாய்ந்திருந்தது. அரை மூட்டைதான்.

“அண்ணே, அதை எடுத்து அந்தக் கடைசித் தூணுகிட்ட வைங்க.”

அவர் எழுந்தார். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் போட்டார். வலது தோளில்தான். பழக்கம். தூக்கிக்கொண்டு போய் வைத்தார்.

“இங்கயே கொண்டாந்துடுங்க.”

கொண்டுவந்தார்.

“இல்ல, அங்கயே இருக்கட்டும்.”

கொண்டுபோனார். ஏன் என்று கேட்கவில்லை.

“இங்க.”

“அங்க.”

கனகசபை மணி உருட்டுவதை விட்டுவிட்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது நடையில் சோணைமுத்துவின் வாய் கோணிற்று. ஏழாவதில் கால் பின்னியது. எட்டாவதில் மூட்டையைத் தோளுக்கு ஏற்ற மூன்று முறை குந்தி எழ வேண்டியிருந்தது. இருளாயி பார்க்கவில்லை. தைத்துக்கொண்டிருந்தாள்.

“அங்க.”

ஒன்பதாவது நடை. பாதி மண்டபம் போனவர் நின்றுவிட்டார்.

தோளுக்குள் யாரோ திருகாணி முடுக்குவது போலிருந்தது. கை மரத்துப்போனது. முன்னால் ஓர் அடி வைக்க முடியவில்லை. பின்னாலும் முடியவில்லை. மூட்டையோடு சேர்ந்து அவரும் ஒரு தூண் மாதிரி நின்றார். கண்ணுக்குள் வியர்வை இறங்கியது.

“அம்மா, விழுந்துடுவாரு போலிருக்கு,” என்று கனகசபை பதறி எழுந்தார்.

“இறக்கணும்னா இறக்குங்கண்ணே,” என்றாள் அவள்.

“நடுவழியில… இறக்கக் கூடாது தாயி.”

“யாரு சொன்னா?”

“மேஸ்திரி.”

“அவருக்கு யாரு சொன்னா?”

“அதுக்கு முந்துன மேஸ்திரி.”

“அவருக்கு?”

சோணைமுத்து வாயைத் திறந்தார். மூட்டை நடுவழியில் நின்றால் லாரி நிற்கும். லாரி நின்றால் யாருக்கு நஷ்டம்? தனக்கு இல்லை. மேஸ்திரிக்கு இல்லை. முப்பத்தொரு வருஷமாகத் தன் மானம் என்று நினைத்துத் தலையில் வைத்திருந்தது யாருடைய சரக்கு என்று அவர் அப்போதுதான் பார்த்தார்.

மூட்டை விழுந்தது.

தையல் பிரிந்து கம்பு மண்டபம் எங்கும் ஓடியது. அதன் நடுவே சோணைமுத்து உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். அட்டி சரிந்த அன்றைக்குக்கூட அவர் அழவில்லை.

யாரும் அவரைத் தேற்றவில்லை. கனகசபை மட்டும் மண்டியிட்டு, ருத்திராட்சத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பை அள்ளத் தொடங்கினார்.

அழுகை ஓய்ந்ததும் இருளாயி கேட்டாள்.

“எத்தனாவது நடை இது?”

“ஒம்பது.”

“டாக்டரு எத்தனை நடை கேட்டாரு?”

சோணைமுத்து முகத்தைத் துடைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை அவர் தூளி கட்டிக்கொண்டு போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவரைப் பார்த்த வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

அதே அறை. அதே டாக்டர். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

“நீங்களா? போன தடவையே தூக்குனீங்களே,” என்றார் டாக்டர். “சரி, அந்தக் கேனை எடுத்து மேசை மேல வைங்க.”

சோணைமுத்து வைத்தார்.

டாக்டர் பேனாவை எடுத்துப் பத்து என்று எழுதினார்.

சோணைமுத்து கேனைத் தரையில் இறக்கினார். மறுபடி தூக்கி மேசை மேல் வைத்தார். மறுபடி இறக்கினார்.

“என்னய்யா பண்றீங்க?”

“என் வேலைங்க.”

“நான் ஒரு தடவைதானே சொன்னேன்?”

“ஒரு லாரிக்கு இருநூத்தம்பது மூட்டைங்க ஐயா. ஒரு நாளைக்கு ரெண்டு லாரி. நாங்க எட்டுப் பேரு. ஆளுக்கு அறுபதுக்குக் கொறையாது.” பேசிக்கொண்டே கேனை ஏற்றினார். “மூட்டை இதைவிடக் கனம்.”

“நேரமாகுதுங்க. வெளியில எத்தனை பேரு நிக்கிறாங்க, பாருங்க.”

“தெரியுதுங்க. நாலு.”

ஐந்து.

கதவிடுக்கில் ஒருவர் தலையை நீட்டினார். “உள்ள என்னப்பா, கண்காட்சியா நடக்குது? சீக்கிரம் விடுங்கப்பா.”

ஆறாவதில் சட்டை முதுகோடு ஒட்டியது. எட்டாவதில் உதடு வெளுத்தது. டாக்டர் பேனாவை மூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராவது தடவை கேன் நெஞ்சு வரை வந்தது. அதற்கு மேல் போகவில்லை.

சோணைமுத்து கத்தவில்லை. கீழே போடவில்லை. அந்த உயரத்திலேயே கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேனுக்குள் தண்ணீர் நடுங்கியது.

“இதுக்கு மேல போகாதுங்க,” என்றார். “முடியல.”

தாழ்ந்த குரல்தான். அதில் கூச்சம் இல்லை.

டாக்டர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். முதல் முறையாக அந்தத் தோளில் கை வைத்தார். தகட்டின் விளிம்பு விரலில் பட்டது. அதன் மேல் சதை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. வைத்த கையை அவர் உடனே எடுக்கவில்லை.

பிறகு குனிந்து, எழுதியிருந்த பத்தை அடித்தார்.

“போதும்,” என்றார். “போதும்யா, இறக்குங்க.”

சோணைமுத்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“முப்பத்தொரு வருஷத்துல இப்பத்தாங்கய்யா ஒருத்தரு போதும்னு சொல்றாரு.”